முந்நூறு கிராமுக்குள் ஒரு கேமரா

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் அவளுக்குப் 'பம்பரம்' என்று பெயர் வைத்தது யார் என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, பொருத்தி, துடைத்துக் கொடுப்பது அவள் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் அவள் ஒழுங்காக உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. ஸ்டூலின் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் சாய்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, எந்த நிமிஷமும் எழுந்து ஓடப் போகிறவள் போலவே இருப்பாள்.

காலை ஒன்பதரை முதல் மாலை ஏழு வரை அவள் கண் பார்ப்பதெல்லாம் ஒரு முழத்துக்குள். விளக்கடியில் பிடித்த லென்ஸ், அதன் நடுவில் மையால் வைத்த புள்ளி, தேய்க்கும் இயந்திரத்தில் சுழலும் கல். ஊருக்கெல்லாம் தூரப் பார்வை பொருத்திக் கொடுப்பவளுக்கு ஜன்னலைத் திறந்தால் தெரிவது அடுத்த கட்டிடத்தின் கழிவுநீர்க் குழாய். அதனால்தான் செவ்வாய்க்கிழமை விடுமுறை வந்தால் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பேருந்து நிலையத்துக்குப் போவாள். இதுவரை ஏறாத எண்ணாகப் பார்த்து ஏறுவாள். கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கி, அங்கே என்ன இருக்கிறதென்று சுற்றிப் பார்த்துவிட்டு அதே பேருந்தில் திரும்புவாள். வந்ததும் அதை வலைப்பதிவில் எழுதுவாள். பதிவின் பெயரும் 'கடைசி நிறுத்தம்' தான். ஆறு வருஷத்தில் நூற்றுச் சொச்சம் நிறுத்தங்கள். படிக்கிறவர்கள் முந்நூறு பேர் தேறுவார்கள். அதில் பாதிப் பேர் அந்தந்த வழித்தடத்தில் தினமும் போய் வந்தும் கடைசி வரை போகாதவர்கள்.

படமெல்லாம் போனில்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். போன மழைக்காலத்தில் கடையின் ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. சட்டைப்பையில் இருந்த போனின் கேமராக் கண்ணாடியிலும் குறுக்கே ஒரு கீறல் விழுந்தது. மணிக்கட்டுக்குள் தகடு வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டார்கள். கீறலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. "ஊர்க் கண்ணாடியெல்லாம் பாக்குறவ, சொந்தக் கண்ணாடியில கோடு போட்டுக்கிட்டா" என்று கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள். எந்தப் படம் எடுத்தாலும் அதன் நடுவே ஒரு வெள்ளை இழை ஓடியது. அதற்கு மேல், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்தால் அந்தப் போனில் எல்லாமே தண்ணீரில் கரைந்த சாயம்தான்.

கைக்குப் பயிற்சி கொடுத்த பிசியோ அம்மாவிடம் அவள் முதலில் கேட்ட கேள்வி, கேமரா பிடிக்கலாமா என்பது.

"எவ்வளவு வெயிட்டு?"

"இன்னும் வாங்கல."

"அப்ப வாங்கும்போது பாத்து வாங்குங்க. ஆறு மாசத்துக்கு அந்தக் கையில முந்நூறு கிராமுக்கு மேல நீட்டிப் பிடிக்கக் கூடாது. பையில போட்டுத் தோள்ல மாட்டிக்கலாம். பிடிக்கிறதுதான் கூடாது."

"முந்நூத்தி இருபதுன்னா?"

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இப்படியெல்லாம் கேப்பீங்கன்னுதான் முந்நூறுன்னு சொன்னேன்."

அன்று பிடித்தது பைத்தியம். கையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு மாத வாடகைக்கான தொகை. விபத்துக்குக் கடை கொடுத்ததில் ஆஸ்பத்திரிச் செலவு போக மிஞ்சியது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காசு போடுவதில்லை என்று கணவனிடம் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. அந்தத் தொகைக்குள், முந்நூறு கிராமுக்குள், தூரத்தைக் கிட்டே இழுக்கக்கூடியது, வெயிலில் கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் உள்ளது, எடுத்ததை உடனே போனுக்கு அனுப்பக்கூடியது. ஐந்தும் ஒன்றாக வாய்க்கிற கேமராவை உலகத்தில் யாரும் செய்திருக்கவில்லை. லேசாக இருந்தால் தூரம் போகாது. தூரம் போனால் விலை எகிறும். விலை படிந்தால் எடை நானூற்றைம்பது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது.

பல் தேய்க்கும்போது விமர்சனம் படித்தாள். பேருந்தில் நின்றுகொண்டு படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது சென்சார் அளவைப் பற்றி ஒருவன் பேசிய நாற்பது நிமிட வீடியோவின் கடைசிப் பகுதியில் இருந்தாள். ஒரு நாள் மாலை சமையலறையிலிருந்து மாவு நிறுக்கும் சின்னத் தராசை எடுத்து வந்து மேசை மேல் வைத்து, வீட்டிலிருந்த பொருளையெல்லாம் நிறுத்துப் பார்த்தாள். டி.வி. ரிமோட் நூற்றுப்பத்து. கணவனின் மூக்குக் கண்ணாடி உறையோடு தொண்ணூறு. சோப்புக் கட்டி இரண்டும் ரிமோட்டும் சேர்ந்தால் முந்நூற்றுப்பத்து. அதை ஒரு துணியில் முடிந்து வலது கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

கணவன் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். அமிலமும் காரமும் புழங்கும் இடத்தில் இருந்து இருந்து, எதற்கும் பதறாத மனிதர். செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் ரிமோட்டைத் தேடினார். அது நடந்து போய்க்கொண்டிருந்தது.

"சேனல் மாத்தணும்" என்றார்.

"ரெண்டு நிமிஷம் இருங்க. கை நடுங்குதான்னு பாக்குறேன்."

"நடுங்குதா?"

"பத்து எண்ணுறவரைக்கும் இல்ல."

அவர் எழுந்து போய் டி.வி.யிலேயே பொத்தானை அழுத்திக்கொண்டார்.

கேமராக் கடைகளிலும் அவள் பெயர் பரவிவிட்டது. மூன்று கடைகளைக் குறித்து வைத்திருந்தாள். மூன்றையும் மாற்றி மாற்றிச் சுற்றினாள். "எடை எவ்வளவு?" என்று கேட்டால் விற்பனைப் பையன் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வான். "பேட்டரி, கார்டு சேர்த்தா, சேர்க்காமலா?" என்பாள். அவன் விழிப்பான். அவள் பையிலிருந்து தராசை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைப்பாள். முதல் தடவை சிரித்தான். நான்காவது தடவை, அவள் வாசலில் கால் வைத்ததுமே மாடிக்கு ஏறிவிட்டான்.

கணவனின் தம்பி கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். குடும்பத்தில் கேமரா என்ற சொல்லுக்கே அவர்தான் சொந்தக்காரர். அண்ணி இப்படிக் கடை கடையாக அலைவது அவருக்கு அவமானமாகப் பட்டது போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்புப் பை ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்.

"அண்ணி, சோப்பு டப்பா சைஸ்ல இருக்கறதெல்லாம் கேமராவே இல்ல. இது என்னோட பழசு. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. இதுல எடுத்துட்டு அப்புறம் அந்தச் சின்னத எடுத்தீங்கன்னா நீங்களே தூக்கிப் போட்டுருவீங்க."

"எவ்வளவு வெயிட்டு?"

"அண்ணி, வெயிட்டு இருந்தாத்தான் கை ஆடாது."

அவர் போனதும் நிறுத்தாள். லென்ஸோடு ஒன்றேகால் கிலோ. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் மூன்று செவ்வாய்க்கிழமைகளாக அவள் எங்கும் போகவில்லை. மூன்றும் கடைகளில் கரைந்திருந்தன. கால் அரித்தது. இடது கையால் தாங்கிக்கொண்டால் போயிற்று என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தச் செவ்வாய் பையைத் தோளில் மாட்டிப் புறப்பட்டாள்.

அந்த வழித்தடம் ஒரு மரக்கிடங்கில் போய் முடிந்தது. கண்ணுக்கெட்டிய வரை அறுத்த மரங்கள். மழை நனைந்த மரத்தூள் வாசனை. ஆறு பேர் ஒரு பெரிய மரத்தைக் கடப்பாரையால் நெம்பி உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு முதுகும் ஒன்றாக வளைந்து ஒன்றாக நிமிர்ந்தன. அவள் பரபரவென்று பையைத் திறந்து கேமராவை வெளியே எடுத்தாள். அவ்வளவுதான். ஒருவன் பார்த்தான், அடுத்தவனை இடித்தான். கடப்பாரை கீழே போனது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆறு பேரும் மரத்தின் முன்னால் வரிசையாக நின்றார்கள், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்கள் போல. மேற்பார்வையாளர் ஒருவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"எந்தப் பத்திரிகைம்மா?"

"பத்திரிகை இல்லைங்க. சும்மா."

"சும்மாவா?" அவர் கேமராவை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு பெருசு வச்சுக்கிட்டுச் சும்மாங்கறீங்க. அனுமதி வாங்கிட்டு வாங்க."

அவர் போகும்வரை காத்திருந்து நாலைந்து படம் எடுத்தாள். இடது கை தாங்கியதென்னவோ உண்மை. ஆனால் அழுத்தும் பொத்தான் வலப்பக்கம் இருந்தது. திரும்பும் வழியில் கட்டைவிரல் மரத்துப்போனது. அன்று மாலை முழுவதும் கையை மடியில் வைத்துப் பிடித்துவிட்டபடி இருந்தாள். கணவனிடம் சொல்லவில்லை.

மறுநாள்தான் அதற்குத் தண்டனை வந்தது. சுற்றிலும் பிரேம் இல்லாத மூக்குக் கண்ணாடி ஒன்று. லென்ஸிலேயே துளை போட்டு ஸ்க்ரூ மாட்ட வேண்டும். மயிரிழை பிசகக் கூடாத வேலை. அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையும் கூட. துளைக்கும் ஊசி லென்ஸைத் தொட்ட நேரம் மணிக்கட்டு ஒரு துடி துடித்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு விரிசல் ஓடியது. வாடிக்கையாளர் மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர். முன்கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளி கத்தவில்லை. உடைந்த லென்ஸை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கைய என்ன செஞ்சே?" என்று மட்டும் கேட்டார். அவளுக்குப் பொய் வரவில்லை.

"ரெண்டு வாரம் கவுண்டர்ல நில்லு. மெஷின் பக்கம் வராத."

பத்தொன்பது வருஷத்தில் அவள் கை தவறி ஒரு லென்ஸ் உடைந்ததில்லை. கவுண்டரில் நின்று பிரேம்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். பின்னறையில் கல் சுழலும் ஓசை கேட்டபோதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோபம் கொழுந்தன் மேலா, கேமராக்கள் மேலா, தன் மேலேயா என்று தெரியவில்லை. யார் மேல் என்று தெரியாததால் வீட்டுக்குப் போய்க் கணவன் மேல் காட்டினாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீ கடைசியா எழுதி எத்தன நாள் ஆச்சு?"

"கேமரா இல்லாம என்னத்த எழுதுறது?"

"முந்தி எழுதினியே. மொத வருஷம் படமே கிடையாது."

"உங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்று எழுந்து போய்விட்டாள். ஜன்னலோரம் நின்று பார்த்தால் தெருவில் பேருந்து ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தின் முடிவில்தான் பழைய பொருள்கள் விற்கும் தளத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். வியூஃபைண்டர் இல்லாத ஒரு சின்னக் கேமரா. எட்டு வருஷம் பழைய மாடல். வியூஃபைண்டர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் வாரமே அவள் தன் பட்டியலிலிருந்து அடித்துவிட்ட மாடல். விலை அவள் கையில் இருந்ததில் பாதி. விளம்பரத்தில் எழுதியிருந்தது: 'நனைந்திருக்கிறது. விழுந்திருக்கிறது. வேலை செய்கிறது.' இப்படி ஒருவன் எழுதி அவள் பார்த்ததே இல்லை.

விற்றவர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு மதிப்புப் போடுகிறவர். ஒரு வண்டிப் பட்டறையின் மேல்மாடியில் அவருடைய அறை. மேசை முழுக்க நசுங்கிய கார்களின் படங்கள்.

"அஞ்சு வருஷமா என்கிட்ட இருக்கு. இதுல ஒரு நல்ல காட்சி எடுத்ததில்லக்கா. எல்லாம் பம்பர், கதவு, பம்பர், கதவு. இப்ப கம்பெனியே ஒரு போன் குடுத்து அதுலதான் எடுக்கணுங்கறாங்க."

அவள் தராசை எடுத்தாள். பேட்டரி, கார்டு, மணிக்கட்டில் மாட்டும் வார் எல்லாம் சேர்த்து இருநூற்றுத் தொண்ணூற்று நாலு. பிறகு தன் தொழில் கருவியை எடுத்தாள்: கண்ணில் இடுக்கிப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கி. முன் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு மெல்லிய கீறல், படத்தில் வராது. ஆனால் லென்ஸுக்குள்ளே ஆழத்தில் ஒரு தூசு உட்கார்ந்திருந்தது.

"உள்ள தூசு இருக்கே."

"இருக்கும். வண்டிக்கு அடியில படுத்து எடுத்த கேமரா அது. வானத்த எடுத்தா ஒரு புள்ளி தெரியும்னு சொல்றாங்க. நான் வானத்த எடுத்ததில்ல."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கீழே இறங்கினாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். வியூஃபைண்டர் இல்லை என்று மறுபடி இறங்கினாள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பேருந்தை விட்டாள், இன்னொன்றையும் விட்டாள். மூன்றாம் தடவை மாடியேறியபோது அவர் கேமராவை அவள் கையில் கொடுத்தே விட்டார்.

"பத்து நிமிஷம் வெளிய கொண்டுபோய் எடுத்துப் பாருங்க. ஓடிட மாட்டீங்கன்னு நெனைக்கிறேன். ஓடுறதா இருந்தா மொத தடவையே ஓடியிருப்பீங்க."

அவள் பட்டறை வாசலில் நின்று ஒற்றைக் கையால் கேமராவை நீட்டினாள். எதிர்க் கட்டிடத்தின் உச்சியில் தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் ஒருவர். இழுத்தாள். அவர் கிட்டே வந்தார், பிரஷ்ஷிலிருந்து சொட்டும் துளிவரை. அவர் இவளைக் கவனிக்கவேயில்லை. பட்டறையில் வண்டியைத் தட்டிக்கொண்டிருந்தவர்களும் நிமிரவில்லை. மனதுக்குள் பத்து எண்ணினாள், இருபதும் எண்ணினாள். கை அப்படியே நின்றது.

மேலே போய்ப் பணத்தை எண்ணி வைத்தாள்.

அடுத்த செவ்வாய் போன வழித்தடம் ஓர் அகலமான ஆற்றங்கரையில் முடிந்தது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பாலம் வந்து அந்தரத்தில் நின்றது. உச்சி வெயில். கேமராவின் திரை கன்னங்கரேலென்று ஆகி, அவள் முகம்தான் அதில் தெரிந்தது. 'வண்டிக்கு அடியில படுத்து எடுத்தவருக்கு வெயில் எங்க தெரியப் போகுது' என்று முணுமுணுத்தாள். வியூஃபைண்டர் உள்ளதை வாங்கியிருக்கலாம் என்ற எண்ணம் பத்து நிமிஷம் அவளைப் பிடுங்கித் தின்றது. பிறகு வேறு வழியில்லாமல் குத்துமதிப்பாகக் கையை நீட்டி அழுத்த ஆரம்பித்தாள்.

பாலத்தின் வெட்டுப்பட்ட முனையில் ஒரு பெண் நின்று கிரேன்காரருக்குப் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் காட்டிக்கொண்டிருந்தாள். இரும்புச் சட்டம் ஒன்று அவள் கொடியசைவுக்குத் தக்கபடி வானத்திலிருந்து இறங்கி வந்தது. கீழே கரையில் நடந்துகொண்டே அவளை எடுத்துத் தள்ளினாள் பம்பரம். சாப்பாட்டு நேரத்தில் அவள் இறங்கி வந்தபோது பேச்சுக் கொடுத்தாள்.

"மேல நிக்கப் பயமா இல்லையா?"

"நிக்கப் பயமில்லக்கா. கொடிய மாத்திக் காட்டிருவனோன்னுதான் பயம்" என்றாள் கொடிக்காரி. "படம் எடுத்தீங்களா? எனக்கு ஒண்ணு குடுப்பீங்களா? நான் மேல நிக்கிறத எங்க வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

கொடுப்பதாக வாக்களித்தாள். இரண்டு மணிக்கெல்லாம் கேமராவின் பழைய பேட்டரி உயிரை விட்டது. பேச்சில் பேருந்தும் போயிருந்தது. அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம். உட்கார நிழல் இருந்தது. அவள் உட்காரவில்லை, வந்த வழியே மூன்று நிறுத்தம் நடந்து, நாலாவதில் ஏறினாள்.

நூற்று முப்பது படத்தில் பதினொன்று தேறியது. எழுதினாள், ஏழு வாரத்துக்குப் பிறகு ஒரே மூச்சில் எழுதினாள். கொடிக்காரி முதுகு காட்டி நிற்க, தலைக்கு மேலே இரும்புச் சட்டம் இறங்கும் படத்தை முதலில் வைத்தாள். வானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி இருந்தது. 'அது பருந்தா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'இல்லை, லென்ஸுக்குள் இருக்கும் தூசு. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் பொய் சொல்ல முடியவில்லை' என்று பதில் போட்டாள்.

கொழுந்தன் போன் செய்தார். "அண்ணி, அந்தக் கொடி போட்டோ யாரு எடுத்தது?"

"ஏன், நான்தான்."

"அந்தச் சோப்பு டப்பாவுலயா? போகஸ் முதுகுல போய் நிக்குதே."

"அவ முதுகத்தான் எடுத்தேன்."

படத்தை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு மறு செவ்வாய் ஆற்றங்கரைக்குப் போனால், முனையில் வேறொருவன் நின்றிருந்தான். கொடிக்காரியை அக்கரைப் பக்கத்து வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். அக்கரைக்கு இங்கிருந்து வழியில்லை. பாலம்தான் பாதியில் நிற்கிறதே. நகரத்துக்குத் திரும்பி, வேறு எண் பேருந்து பிடித்து, சுற்றிக்கொண்டு போக வேண்டும். சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் போய்ச் சேர முடியுமா என்று நடத்துநரிடம் இரண்டு தடவை கேட்டாள். வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தாள். இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கொடிக்காரி வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். படத்தை ஈரம் படாமல் விளிம்பில் பிடித்து வாங்கி, தூரத் தள்ளிப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"நானா இது? ஆத்தாடி, இவ்வளவு உயரத்துலயா நிக்கிறேன்!" என்றாள். பிறகு முகம் கொஞ்சம் விழுந்தது. "மூஞ்சி எங்கக்கா? முதுகப் பாத்து வீட்ல எப்படி நம்புவாங்க?"

பம்பரத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தத்தில் கடைசிப் பேருந்து இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒரு தடவை ஹாரனும் அடித்துவிட்டார்.

"கொடியக் கையில எடு. சீக்கிரம். அப்படியே அந்தப் பாலத்துப் பக்கம் நில்லு" என்றாள், மணிக்கட்டில் வாரை மாட்டியபடி. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."